சாண்டோரினியில் அரை நாள், ஒரு தனி வண்டி, அம்மாவின் முட்டி

சாண்டோரினியில் அரை நாளுக்குத் தனி வண்டி எடுப்பதில் உள்ள லாபம் ஏசியோ தோல் இருக்கையோ இல்லை. எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது, எங்கே அதிக நேரம் இருப்பது, எதை விட்டுவிடுவது எல்லாம் நம் கையில் இருக்கும். அவ்வளவு காசு கொடுப்பது அதற்குத்தான். ஆனால் பலர் காசைக் கொடுத்துவிட்டு, பேருந்துக் குழுக்கள் போகிற அதே வரிசையில் அதே நேரத்துக்குப் போய், அவர்களோடு சேர்ந்து நெரிசலில் நிற்கிறார்கள். ஏஜென்சி அனுப்பும் அட்டவணைக்கு அப்படியே தலையாட்டினால் அதுதான் நடக்கும்.

நாங்கள் போனது மே மாதக் கடைசியில். நான், கணவர், பத்து வயது மகன் மூவரும் ஜெர்மனியில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் தேனியிலிருந்து வந்திருந்தார்கள். ஷெங்கன் விசாவிலேயே கிரேக்கத்துக்கும் போகலாம் என்பதால் ஏதென்ஸ் பார்த்துவிட்டு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் சாண்டோரினி வந்தோம். அப்பா வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பணிக்காலத்தில் பெரும்பகுதி கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் கழிந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதளத்தில் எவ்வளவு தூரமும் நடப்பார், மெதுவாகப் படியும் ஏறிவிடுவார். இறங்குவதுதான் பாடு. அப்படிப்பட்டவரை எங்கே பார்த்தாலும் படியாக இருக்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறோமே என்று கணவருக்கு ஆரம்பத்திலிருந்தே தயக்கம்.

படிகள் அங்கே அழகுக்காகக் கட்டியவை இல்லை. அந்தத் தீவே ஓர் எரிமலையின் உடைந்த விளிம்பு. பலமுறை வெடித்த எரிமலைதான், என்றாலும் கி.மு. 1600ஐ ஒட்டி நடந்த பெரும் வெடிப்புதான் ஏறக்குறைய இன்றைய உருவத்தைக் கொடுத்தது. நடுப்பகுதி உள்ளே சரிந்து கடல் புகுந்தது. சுமார் 12 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் உள்ள அந்தக் குழியைத்தான் கால்டெரா என்கிறார்கள். அதன் ஓரத்தில் 300 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் ஃபிரா, இமெரோவிக்லி, ஈயா ஆகிய ஊர்கள். ஈயாவைத்தான் பலர் ஓயா என்று எழுதுகிறார்கள். இறுகிப்போன எரிமலைச் சாம்பலைக் குடைந்து, முன்னால் ஒரு சுவர் வைத்துக் கட்டிய வீடுகள் அங்கே ஏராளம். ஒரு வீட்டின் கூரை இன்னொரு வீட்டின் முற்றம். ஆக, கால்டெரா பக்கம் எங்கே திரும்பினாலும் படி. கிழக்குப் பக்கம் அப்படி இல்லை. நிலம் மெதுவாகச் சரிந்து கருமணல் கடற்கரைகளில் போய் முடிகிறது. நாங்கள் தங்கியது ஃபிராவுக்குப் பக்கத்தில், உள்ளே தள்ளி இருக்கும் கார்டெராடோஸ் என்ற ஊரில். வாடகை குறைவு, வண்டி வாசல் வரை வரும். வயதானவர்களோடு போகிறவர்கள் கால்டெராவைப் பார்த்த அறைக்கு ஆசைப்படும் முன், அறைக்கும் சாலைக்கும் நடுவில் எத்தனை படி என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். படங்களில் அது தெரியாது.

சுற்றிப் பார்க்க வேறு வழிகளும் உண்டு. பொதுப் பேருந்து மலிவு, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஏறக்குறைய எல்லா வழித்தடமும் ஃபிராவில் வந்து முடியும். ஈயாவிலிருந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்த பழங்கால ஊரான அக்ரோத்திரிக்குப் போக ஃபிராவில் இறங்கி வண்டி மாற வேண்டும். அரை நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். டாக்ஸிகள் தீவின் கூட்டத்துக்குப் போதாது. காரை வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். எங்களிடம் ஜெர்மன் உரிமம் இருந்தது. ஆனால் ஈயாவில் காரை நிறுத்த இடம் தேடி ஒருவர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் என் கணவராகத்தான் இருப்பார். நாலு சக்கர பைக்கில் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த வளைவுகளில் போகும் குடும்பங்களைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

தனி வண்டிக்கு ஐந்து மணி நேரத்துக்கு எங்களிடம் கேட்ட விலை 300 யூரோவில் ஆரம்பித்து 450 வரை போனது. அது வண்டிக்கான விலை, தலைக்கு இல்லை. குழுச் சுற்றுலாவின் கட்டணத்தை ஐந்தால் பெருக்கிப் பார்த்தபோது வித்தியாசம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. இரண்டு பேர் மட்டும், நன்றாக நடக்கிறவர்கள் என்றால் நான் பேருந்தையே சொல்வேன்.

விலையைவிட முக்கியம், முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு என்பது முதலில் புரிய வேண்டும். கிரேக்கத்தில் தொல்லியல் தளங்களுக்குள் ஆட்களை அழைத்துப்போய் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற வழிகாட்டிகளுக்குத்தான் அனுமதி. ஓட்டுநர் எவ்வளவு விவரமானவராக இருந்தாலும் அக்ரோத்திரி வாசலோடு நின்றுவிடுவார். எங்களுக்குப் பதில் எழுதிய ஒரு நிறுவனம், ‘ஆங்கிலம் பேசும் வழிகாட்டியுடன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குடைந்து கேட்ட பிறகு, ஓட்டுநருக்கு ஆங்கிலம் வரும் என்பதுதான் அதன் பொருள் என்று தெரிந்தது. கடைசியில் வண்டியை ஒருவரிடமும், அக்ரோத்திரிக்கு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியை இன்னொரு இடத்திலும் ஏற்பாடு செய்தோம். செலவு கூடியது. எங்கள் ஐந்து மணி நேரத்தில் மிகவும் உருப்படியாகப் போன காசு அதுதான்.

மற்ற கேள்விகள் சின்னவை, ஆனால் கேட்காவிட்டால் கடிக்கும். நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேருமா? (பெரும்பாலும் சேராது.) நேரக்கணக்கு நம் வாசலில் தொடங்குகிறதா, அவர் தன் இடத்திலிருந்து கிளம்பும்போதா? நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு? வேன் என்றால் ஏறும் படி எவ்வளவு உயரம், கைப்பிடி உண்டா? ஒவ்வோர் இடத்திலும் வண்டி எந்த இடம் வரை போகும், அங்கிருந்து எத்தனை படி? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதியவரைத்தான் நாங்கள் தேர்ந்தெடுத்தோம். எங்கே எத்தனை படி, எங்கே சரிவு, எங்கே உட்காரக் கல் இருக்கிறது என்பது வரை எழுதியிருந்தார். அதை எழுதியவர்தான் ஓட்டவும் வந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும்.

வழக்கமான அட்டவணை இப்படி இருக்கும்: ஒன்பது மணிக்குக் கிளம்பி ஈயா, அப்புறம் ப்ரொஃபிதிஸ் இலியாஸ் மலை, பிர்கோஸ் என்ற மலையூர், அக்ரோத்திரி, செங்கடற்கரை என்கிற சிவப்பு நிறக் கடற்கரை (Red Beach), ஒரு ஒயின் ஆலை. ஆறு இடம், ஐந்து மணி நேரம். வரைபடத்தில் தீவு சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈயா வடக்கு முனை, அக்ரோத்திரி தென்மேற்கு மூலை. நடுவில் முக்கால் மணி நேரப் பயணம். எல்லாவற்றையும் கூட்டினால் ஓட்டத்துக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். மிச்சத்தை ஆறால் வகுத்தால் ஓர் இடத்துக்கு அரை மணி. அம்மா வண்டியிலிருந்து இறங்கி, சுற்றிப் பார்த்து, மறுபடி ஏறவே அது சரியாக இருக்கும்.

செங்கடற்கரையையும் ஒயின் ஆலையையும் அடித்துவிட்டு, காலை 6.45க்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். ஓட்டுநர் உடனே சரி என்றார். அவருக்கும் அதுதான் பிடிக்குமாம், யாரும் கேட்பதில்லையாம். காரணம் சுலபம். பெரிய உல்லாசக் கப்பல்கள் காலையில் வந்து நின்றதும் அதன் பயணிகளைப் பேருந்துகளில் ஏற்றி முதலில் ஈயாவுக்குத்தான் கொண்டுபோகிறார்கள். ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று 2025 முதல் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். தீவின் மக்கள்தொகையே 16,000க்குள்தான் என்பதால், வரம்புக்கு உள்ளே வந்தாலும் கூட்டம் கூட்டம்தான்.

ஏழு பத்துக்கு ஈயாவில் இருந்தோம். பளிங்குக் கல் பாவிய பிரதான தெரு ஏறக்குறைய சமதளம், அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்தார். கடைக்காரர்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விடுதிகளுக்கான தண்ணீர் பாட்டில் கட்டுகளை முதுகில் சுமந்துகொண்டு கோவேறு கழுதைகள் படியிறங்கின. அந்த நேரத்திலும் நீலக் குவிமாடங்களுக்கு முன்னால் நீளமான பறக்கும் கவுன் போட்ட இரண்டு பெண்களும் அவர்களுடைய புகைப்படக்காரர்களும் தகராறில் இருந்தார்கள், யார் முதலில் வந்தது என்று. அதைத் தாண்டிவிட்டால் ஊர் அமைதி. அம்மாவைத் தேவாலயச் சதுக்கத்தில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேர் மட்டும் பழைய கோட்டை முனை வரை போய் வந்தோம். அப்பா அம்மாவோடு இருந்துவிட்டார். அவருக்கு வெள்ளைச் சுவர்களில் பெரிய ஆர்வம் வரவில்லை.

வீட்டு மாடிகளில் ஏறாதீர்கள், இங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்று பல சுவர்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத வேண்டிய நிலை வந்திருக்கிறது என்பதே சங்கடமாக இருந்தது. 1956 ஜூலை 9 அன்று வந்த நிலநடுக்கத்தில் இந்த ஊர் பெரும்பாலும் இடிந்துபோய், தீவைவிட்டு ஏராளமானோர் கிளம்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வெகுகாலம் பாழடைந்து கிடந்த குகை வீடுகள்தான் இன்றைக்கு நீச்சல் தொட்டியோடு விடுதி அறைகளாக இருக்கின்றன. ஓட்டுநரின் பெரியப்பா வீடும் அப்படி விற்றுப் போனதாம். விலையைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வயிற்றெரிச்சல் தெரிந்தது.

எட்டரைக்குக் கிளம்பும்போது முதல் பேருந்து எதிரே வந்தது.

தெற்கே போகும் சாலையில் ஃபிராவைத் தாண்டியதும் பழைய சுரங்கம் ஒன்றின் வெட்டுச் சுவர் தெரியும். கீழே கருப்பு, மேலே ஒரே வெளுப்பாகப் பல ஆள் உயரத்துக்குச் சாம்பல். அந்தப் பெரும் வெடிப்பு கொட்டியது. 19ஆம் நூற்றாண்டில் சூயஸ் கால்வாய் வேலைக்கான சுண்ணக் கலவைக்கு இந்தத் தீவின் சாம்பலைத்தான் வெட்டி ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படி வெட்டும்போதுதான் எதிரே இருக்கும் திராசியா தீவில் புதையுண்ட பழைய வீடுகள் முதலில் தட்டுப்பட்டன. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தி, மகனை இறக்கி, அந்த அடுக்குகளைக் காட்டினார். இரண்டு நிமிடம்தான். அக்ரோத்திரிக்குள் போன பிறகு அந்த இரண்டு நிமிடத்தின் அருமை தெரிந்தது, ஏனென்றால் அந்த வெள்ளை அடுக்குக்குக் கீழே இருந்த ஊர்தான் அது.

அக்ரோத்திரியில் ஸ்பிரிடோன் மரினாடோஸ் என்ற தொல்லியலாளர் 1967இல் தோண்ட ஆரம்பித்தார். கிரீட் தீவின் மினோவன் நாகரிகம் சரிந்ததற்கு இந்த எரிமலைதான் காரணம் என்று 1939லேயே எழுதியவர். 1974இல் அகழாய்வுத் தளத்திலேயே இறந்துபோனார். தளம் முழுவதையும் பெரிய கூரை போட்டு மூடியிருக்கிறார்கள். முந்தைய கூரையின் ஒரு பகுதி 2005இல் இடிந்து விழுந்து ஒரு பயணி இறந்தார், பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2012இல்தான் மறுபடி திறந்தது. இப்போது உள்ளே நிழல், சரிவுப் பாதை, மரத்தளம். படி பிரச்சினை இல்லை. வெயிலில் வாடும் வயதானவர்களுக்கு இந்தத் தீவில் இதைவிட நல்ல இடம் கிடையாது. இதைப் பல அட்டவணைகளில் ‘விருப்பமிருந்தால்’ என்று கடைசியில் போட்டிருக்கிறார்கள்.

வழிகாட்டி தொல்லியல் படித்த பெண். இல்லாமல் போயிருந்தால் நாங்கள் பார்த்திருப்பது கல்லும் மண்ணும்தான். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், பெரிய ஜன்னல்கள், தெருவுக்குக் கீழே கழிவுநீர்க் கால்வாய், மேல்மாடியில் ஒரு கழிப்பறை, அதிலிருந்து சுவருக்குள் இறங்கும் குழாய். இது நடந்தது மூவாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னால். மகன் கழிப்பறை முன்னால் நகர மறுத்தான். ஓரிடத்தில் கல் படிக்கட்டு. ஒவ்வொரு படியும் நடுவில் சரியாக விரிந்து உடைந்திருக்கிறது. வெடிப்புக்கு முன் வந்த நிலநடுக்கத்தின் வேலை. அந்த நடுக்கத்துக்குப் பிறகு ஊர்க்காரர்கள் திரும்பி வந்து இடிபாடுகளை அகற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். தானியச் சாடிகளைப் பத்திரப்படுத்தி, கட்டில்களை வெளியே எடுத்து வைத்து, வேலை பாதியில் இருக்கும்போதே எதையோ பார்த்துப் பயந்து மொத்தமாகக் கிளம்பிவிட்டார்கள். தளத்தில் மனித எலும்புக்கூடு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மர சாமான்கள் மக்கிப்போய்ச் சாம்பலில் அவற்றின் வெற்றிடம் மட்டும் மிஞ்சியிருந்ததால், அந்த ஓட்டைகளில் சாந்தை ஊற்றிக் கட்டில், முக்காலி எல்லாவற்றையும் வார்த்தெடுத்திருக்கிறார்கள்.

“நகையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்களா?” என்று அம்மா கேட்டார். ஆமாம், அநேகமாக எல்லாமே. பிற்பாடு 1999இல் ஒரு தங்க ஆட்டுப் பொம்மை மட்டும் மரப்பெட்டிக்குள் கிடைத்தது என்று வழிகாட்டி சொன்னார். “விவரமானவங்க” என்றார் அம்மா.

வெளியே வந்து இதைச் சொன்னபோது ஓட்டுநர் 2025 பிப்ரவரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சாண்டோரினிக்கும் அமோர்கோஸ் தீவுக்கும் நடுவே கடலுக்கடியில் ஆயிரக்கணக்கில் நடுக்கங்கள், பெரியது ஏறக்குறைய 5.3. பள்ளிகளை மூடி, அவசரநிலை அறிவித்தார்கள். 11,000 பேருக்கு மேல் தீவைவிட்டு வெளியேறினார்கள். இவரும் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி ஏதென்ஸ் அனுப்பிவிட்டு, தான் மட்டும் வண்டியிலேயே படுத்திருக்கிறார். என்ன எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அம்மா அவரிடமும் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். பத்திரங்கள், மாத்திரை, பாட்டியின் காதணி என்றார். அம்மாவுக்கு அந்த ஆளை அதற்கப்புறம் ரொம்பப் பிடித்துப்போனது.

செங்கடற்கரை அங்கிருந்து பக்கம்தான். ஆனால் கரடுமுரடான பாறைமேல் நடக்க வேண்டும், மேலே பாறை சரியும் அபாயம் இருப்பதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைத் தாண்டி நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். நாங்கள் போகவில்லை, குறையாகவும் தெரியவில்லை.

மேகலோகோரி தாண்டியதும் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். அட்டவணையில் இல்லாத நிறுத்தம், அப்பாவைப் பொறுத்தவரை அன்றைய நாளே அதுதான். சாலையோரம் வெளிறிய மண்ணில், இடைவெளி விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் பச்சை வட்டங்கள். திராட்சை. கம்பத்தில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை வளர்த்த மனிதர் அவர். இங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. கொடியையே சுற்றிச் சுற்றிப் பின்னித் தரையில் கூடையாக வைத்துவிடுகிறார்கள். குலைகள் அந்தக் கூடைக்கு உள்ளே காய்க்கின்றன. கோடையில் அடிக்கும் வடகாற்றில் பூவும் பிஞ்சும் உதிராமல் இருக்கவும், மணல் அடித்துக் காய் கெடாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்த்தார். பாசனம் எங்கே என்றார். பெரும்பாலும் கிடையாது. இங்கே மழை கொஞ்சம், அதுவும் குளிர்காலத்தில்தான். கோடை முழுக்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றையும் இரவுப் பனியையும் நுரைக்கல் (pumice) மண் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது.

அடுத்து வேரைப் பற்றிப் பேச்சு வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி களிமண் இல்லாத இந்த மண்ணில் பிழைக்கவில்லை. அதனால் வேறு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்ட வேண்டிய தேவை இங்கே வரவில்லை. கூடை கிழடாகிக் காய்ப்பு குறைந்தால் அதை வெட்டிவிட்டு அதே வேரிலிருந்து புதுக்கொடி விடுகிறார்கள். சில வேர்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது சொல்கிறார்கள். அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சைதான் முக்கியம், ஆகஸ்டிலேயே அறுவடை. ஏக்கருக்கு எவ்வளவு வரும் என்று அப்பா கேட்டார். ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கினார். குனிந்தே பறிக்க வேண்டும், ஆள் கிடைப்பதில்லை, அந்த நிலத்தில் நாலு அறை கட்டினால் அதைவிட வருமானம். “இதே கதைதான் நம்ம ஊர்லயும்” என்று அப்பா தமிழிலேயே அவரிடம் சொன்னார். அவர் தலையாட்டினார்.

இருபத்தைந்து நிமிடம் போனது. ஒயின் ஆலையை விட்டதில் மிச்சமான நேரம் இங்கே செலவானது என்று வைத்துக்கொள்ளலாம். குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த நிறுத்தம் அருமையாக இருக்கும், சாண்டோரினி ஒயினுக்கு உலக அளவில் பேர். எங்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லை. இதைப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சங்கடம் இல்லை. சொல்லாமல் போனால் முன்பதிவு செய்த சுவைப்புக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.

ப்ரொஃபிதிஸ் இலியாஸ் தீவின் உச்சி, ஏறக்குறைய 567 மீட்டர். வண்டி மேலே வரை போகும். 18ஆம் நூற்றாண்டு மடாலயம் ஒன்று இருக்கிறது, நாங்கள் போனபோது கதவு மூடியிருந்தது. பக்கத்திலேயே ராணுவ இடம், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. காற்று ஆளைத் தள்ளுகிறது, மே மாதத்திலும் அம்மாவுக்குச் சால்வை தேவைப்பட்டது. இந்த மலை எரிமலைக் கல் இல்லை, சுண்ணாம்புப் பாறை; எரிமலை தோன்றுவதற்கு முன்பே இங்கே இருந்தது. பிறை போல வளைந்த தீவு, எதிரே திராசியா, நடுவில் கருகருவென்று நெயா கமெனி என்ற எரிமலைத் தீவு, 1950இல் கடைசியாகப் பொங்கியது. எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். பத்து நிமிடம் போதும்.

கீழே பிர்கோஸில் தனி வண்டியின் இன்னொரு வசதி தெரிந்தது: குழுவைப் பிரித்துக்கொள்ளலாம். ஊரின் உச்சியில் பழைய கோட்டைக் குடியிருப்பு. அதுவரை வளைந்து வளைந்து படிகள். அம்மாவும் அப்பாவும் கீழே சதுக்கத்தில் காபிக்கடையில் உட்கார்ந்தார்கள், ஓட்டுநர் அவர்களோடு இருந்தார். நாங்கள் மூவரும் ஏறிப் போய் நிதானமாகச் சுற்றினோம். குழுச் சுற்றுலாவில் இப்படி ஒருவரை விட்டுவிட்டுப் போக மனம் வராது, எல்லோரும் கீழேயே நிற்போம். ஈயாவின் அழகு வேண்டும், நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு பிர்கோஸ் போதும் என்பது என் அபிப்பிராயம். புனித வெள்ளி இரவில் ஊர்ச் சுவர்கள், கூரைகள் முழுக்கத் தகர டப்பாக்களில் தீ ஏற்றி வைப்பார்களாம். இறங்கி வந்தபோது அம்மாவும் ஓட்டுநரும் பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைப்பேசியில் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது.

மாலை வண்டி எடுத்து ஈயாவில் சூரிய அஸ்தமனத்தோடு முடிக்கும் அரை நாள் திட்டங்கள்தான் அதிகம் விற்கின்றன. நான் எடுக்கமாட்டேன். அந்த நேரத்தில் ஈயாவுக்குள் போகும் சாலையும் நகராது, முடிந்ததும் வெளியே வரும் சாலையும் நகராது. கோட்டை முனையில் நிற்கக்கூட இடம் இருக்காது. அஸ்தமனம்தான் வேண்டும் என்றால் அக்ரோத்திரிக்கு அப்பால் 1892இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்கோ பிர்கோஸுக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். அதே சூரியன்தான்.

கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டும் இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சின்னப் படகில் ஃபிராவுக்குக் கீழே பழைய துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். மேலே வர கேபிள் கார், அல்லது 588 படி, அல்லது அந்தப் படியிலேயே கழுதை. ஓட்டுநர் மேலேதான் காத்திருப்பார், ஆகவே மேலே வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். திரும்பும்போதுதான் ஆபத்து: எல்லாக் கப்பல்களின் ஆட்களும் ஒரே நேரத்தில் கேபிள் காருக்கு வருவார்கள், வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஃபிராவில் இருப்பதுபோல் சுற்றுலாவை முடியுங்கள். இறக்கத்தில் நடந்துவிடலாம் என்று முட்டிவலிக்காரர்கள் நினைக்கவே வேண்டாம். வழவழத்த கல், மேலே சாணி.

சுற்றுலா முடிந்ததும் விடுதிக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்பதுதான் வழக்கம். நாங்கள் ஃபிராவில் பேருந்து நிலையம் பக்கத்தில் இறக்கிவிடச் சொன்னோம். ஓட்டுநர் சொன்ன உணவகம் உள்தெருவில், கடல் தெரியாத இடத்தில் இருந்தது, விலை பாதி. அம்மா சைவம். கிரேக்கத்தில் சைவத்துக்குக் கவலை வேண்டாம். நோன்புக் காலச் சமையல் என்று இறைச்சியும் பாலும் இல்லாத வரிசையே அவர்களிடம் உண்டு, ‘நிஸ்டிசிமோ’ என்று கேட்டால் காட்டுவார்கள். ஆனால் அதில் கணவாயும் இறாலும் சேரும், அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஃபாவா வந்தது, வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் மேலே போட்டு. ஒரு வாய் எடுத்ததுமே “பருப்புக் கடைசல்” என்றார் அம்மா. அப்பா விடவில்லை, என்ன பயறு என்று கேட்டு, கைப்பேசியில் தேடி, நம் ஊர் கேசரிப் பருப்பின் நெருங்கிய சொந்தம் என்று கண்டுபிடித்தார். அக்ரோத்திரியின் சாடிகளிலும் இதே பயறு கிடைத்திருக்கிறது. தக்காளியில் புதினா சேர்த்துப் பொரித்த உருண்டைகளை மகன் ஒருவனே காலி செய்தான்.

ஃபிராவில் இறங்கியதற்கு உண்மையான காரணம் அருங்காட்சியகம். அக்ரோத்திரியின் சுவர் ஓவியங்கள் தளத்தில் கிடையாது. சில ஏதென்ஸில், சில ஃபிராவின் தொல்பழங்கால அருங்காட்சியகத்தில். இது தெரியாமல் தளத்தில் ஓவியத்தைத் தேடி ஏமாந்தவர்களைக் காலையில் பார்த்தோம். அருங்காட்சியகம் பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடை, சின்னது, குளிர்ச்சி, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வாராந்திர விடுமுறை நாளை மட்டும் முன்னதாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தங்க ஆடு இங்கேதான் இருக்கிறது, கைக்கு அடக்கமான அளவில்.

நீலக் குரங்குகள் ஓவியமும் இங்கேதான். பாறைகள்மேல் தாவி ஏறும் குரங்குகள். ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2019இல் குரங்கியலாளர்களும் தொல்லியலாளர்களும் சேர்ந்து உடலமைப்பையும் வாலைத் தூக்கி வைத்திருக்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவை இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்திகளாக இருக்கலாம் என்று எழுதினார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. எங்கள் வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பா கண்ணாடியை மேலேற்றி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மேகமலையில் தான் பார்த்த மந்திக்கு முகம் கருப்பு, இதற்கு அப்படித் தெரியவில்லை என்றார். வரைந்தவர் நேரில் பார்த்திருக்கமாட்டார், யாரோ சொல்லிக் கேட்டு வரைந்திருப்பார் என்று மகன் வாதாடினான். பேருந்தில் கார்டெராடோஸ் வந்து இறங்கும் வரை இருவரும் விடவில்லை.